பட்டான் கல்

தமிழகத்தின் வட மாவட்டங்களில், குறிப்பாகச் செங்கம், தருமபுரி வட்டாரங்களில், ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கும் பழைய நடுகற்களின் எழுத்துப் பொறிப்புகளில் பல ‘பட்டான் கல்’ என்ற இரண்டு சொற்களோடு முடிகின்றன. படுதல் என்பதற்கு இங்கே பூசலில் விழுந்து மடிதல் என்று பொருள். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகனாகிய இன்னான், இன்ன ஊரில் தொறு மீட்டுப் பட்டான், அவனுக்கு உரிய கல் இது என்பதே அவ்வாசகங்களின் பொதுவான அமைப்பு. தொறு என்பது ஆநிரை, அதாவது மாட்டு மந்தை. பெரும்பாலும் வட்டெழுத்தில், சில வரிகளுக்கு மேல் போகாமல் அமைந்த இப்பொறிப்புகளில் புகழுரை மிகக் குறைவு. சோழர் மெய்க்கீர்த்திகளில் அடுக்கடுக்காக வரும் அடைமொழிகளை இவற்றில் தேடுபவர் ஏமாந்துபோவார். ஆனால் ஒரு மனிதனை மற்றவரிடமிருந்து பிரித்து அறிய எவையெல்லாம் வேண்டுமோ, அதாவது அவன் பெயர், அவன் ஊர், அவன் யாருக்கு உற்றவன், என்ன செய்யும்போது இறந்தான் என்ற செய்திகள், அவ்வளவும் அந்தச் சிறிய பரப்புக்குள் அடங்கிவிடுகின்றன. போரில் இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை எதில் தொடங்குகிறது என்ற கேள்விக்கு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தறிவு குறைந்த சிற்றூர்கள் கண்டறிந்த விடை இது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லை இதற்குச் சான்றாக நெருங்கிப் பார்க்கலாம். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த இக்கல், கால்நடை காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நடப்பட்டது. வீரனின் புடைப்பு உருவத்துக்கு அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாய்க்கு ‘கோவிவன்’ என்று பெயர் என்பதையும், கள்ளரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்பதையும் தனியே ஒரு வாசகம் சொல்கிறது. மகேந்திரவர்மன் குடைவரைகள் அமைத்தவன், நாடகம் எழுதியவன், வாதாபிச் சாளுக்கியரோடு பொருதவன். அவனுடைய பெருங்கதைக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத ஒரு மாட்டுப் பூசலில், ஒரு சேவகனும் அவன் வளர்த்த நாயும் செய்த காரியத்தை, அரசனின் ஆட்சியாண்டைக் காலக்கணக்காக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அந்த ஊர் கல்லில் எழுதி வைத்தது. அரசன் பெயர் வாசகத்தின் தொடக்கத்தில் வந்தாலும் கல் அவனுக்கு உரியதன்று என்பதை வாசகத்தின் கடைசிச் சொல் உறுதி செய்கிறது. நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிய அந்தக் கவனத்தின் பெருமை, பிற்காலத்தில் மனிதர்களின் பெயர்களையே எழுதாமல் விட்ட நினைவுச் சின்னங்களைக் காணும்போதுதான் முழுதாகப் புரியும்.

நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துள்ள துறைகள் பலரும் அறிந்தவை. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி; அதை எடுக்கத் தொடங்குவது கால்கோள்; நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை; பின் நடுதல், படையலிடும் பெரும்படை, இறுதியில் வாழ்த்து. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இவ்வரிசையையே தன் காதைகளின் வரிசையாக எடுத்துக்கொண்டு, போர்க்களத்தில் இறவாத ஒரு பெண்ணுக்கு வீரனுக்குரிய கல்லை நாட்டுகிறது. இச்சடங்குகளில் கவனிக்க வேண்டியது அவற்றின் எண்ணிக்கையைவிட அவற்றுக்குத் தேவைப்படும் மனிதக் கைகள்தான். கல்லைத் தேடி மலைக்குப் போக ஆள் வேண்டும்; சுமந்து வர ஆள் வேண்டும்; ஆற்றில் இறக்கிக் கழுவ வேண்டும்; எழுத்து அறிந்தவன் ஒருவனைத் தேடிப் பிடிக்க வேண்டும்; ஆண்டுதோறும் மயிற்பீலி சூட்டிக் கள்ளும் சோறும் படைக்கச் சுற்றம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நட்ட கல்லின் முன் சிறு கலத்தில் கள் படைக்கப்படுவதைக் கண்டு, நாடே கொடுத்தாலும் ஏற்காதவன் இதை ஏற்பானோ என்று ஔவையார் நொந்துகொண்டதைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. நினைவுகூரும் சடங்கு எதுவும் இழப்புக்கு ஈடாகாது என்ற தெளிவும், ஆனாலும் அதைச் செய்யாமல் விடக்கூடாது என்ற பிடிவாதமும் அந்தப் பழைய மரபில் சேர்ந்தே இருந்தன.

இம்மரபின் இன்னொரு கூறு போதிய அளவு பேசப்படவில்லை. ஆநிரை கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு, அந்த நிரையை மீட்கச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு. இலக்கணம் முன்னதை வெட்சி என்றும் பின்னதைக் கரந்தை என்றும் பிரித்துப் பெயரிட்டாலும், இரு சாராரின் ஊர்களும் தத்தம் மைந்தருக்குக் கல் நாட்டின. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களில் ஒன்றில் கூடலூர் ஆகோளில் இறந்தவனின் பெயர் உள்ளது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தலைக் குறிக்கும் சொல். தொல்காப்பியத்திலும் அதே சொல் வருகிறது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாக ஆய்வாளர் கருதும் அந்தக் கல், அந்தப் பூசலில் நியாயம் யார் பக்கம் இருந்தது என்ற விசாரணைக்குள் இறங்கவில்லை. போரைப் பற்றிய தீர்ப்பு வேறு, அதில் மடிந்த மகனுக்கு அவன் ஊர் செய்ய வேண்டியது வேறு என்று அக்காலத்தவர் பிரித்து அறிந்திருந்தனர் எனக் கொள்ள இடமுண்டு. இக்காலத்தில் மிக எளிதாகக் குழம்பிப்போவது இந்தப் பிரிவினைதான். போரைப் போற்றுகிறவர்கள் அதற்காகவே வீரனைப் போற்றுகிறார்கள், போரை வெறுப்பவர்கள் வீரனையும் மறந்துவிடுகிறார்கள், இடையில் அவன் வீடு தனித்து விடப்படுகிறது.

கல் நாட்டியதோடு அக்காலத்து ஊர் தன் கடமை முடிந்ததாகக் கருதவில்லை என்பதற்கு ‘உதிரப்பட்டி’ என்ற சொல் சான்றாகிறது. உதிரம் என்பது இரத்தம். ஊருக்காக இரத்தம் சிந்தி இறந்தவனின் வழியினர் உழுது உண்பதற்காக வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலமே உதிரப்பட்டி. கல்வெட்டுகளில் இச்சொல்லைக் காணும்போது, நடுகல் என்பது வழிபாட்டுக்கு உரிய பொருளாக மட்டுமன்றி ஒரு கடன் பத்திரமாகவும் நின்றது என்று தோன்றுகிறது. இந்தக் குடும்பத்துக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது என்பதை வெயிலிலும் மழையிலும் அழியாத எழுத்தில் அது அறிவித்துக்கொண்டிருந்தது.

பெயர்களை எழுதாமல் விட்ட பிற்காலச் சின்னம் ஒன்றைக் காண இனி வேலூருக்கு வரலாம். வேலூர் மணிக்கூண்டில் பதிக்கப்பட்டுள்ள ஓர் ஆங்கில வாசகம், இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தனர் என்று அறிவிக்கிறது. முதல் உலகப்போர் முடிந்தபின், ஆள் சேர்ப்புக்கு மிகுதியாகப் பங்களித்த ஊர்களில் பிரிட்டிஷ் இந்திய அரசு பதித்த பளிங்குப் பலகைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஊரின் பெயரும் இரண்டு எண்களும் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். போனவர் இத்தனை, திரும்பாதவர் இத்தனை. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து ஆள் போவது அந்தப் போரோடு நின்றுவிடவில்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு படைவீரர் இருந்த காரணத்தால் மக்கள் அவ்வூரை ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் மணிக்கூண்டின் கீழ் நின்று அந்தப் பலகையைப் படிப்பவருக்கு 14 என்ற எண் கிடைக்கிறதே தவிர, அந்தப் பதினால்வரில் ஒருவரின் பெயர்கூடக் கிடைப்பதில்லை. எடுத்தனூரில் நாய்க்குப் பெயர் எழுதிய நிலப்பகுதியிலிருந்து வேலூர் மணிக்கூண்டு அப்படியொன்றும் தொலைவில் இல்லை. இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்திருந்தன, மனிதன் எண்ணாகியிருந்தான்.

எண் என்பது ஆள் சேர்த்தவனின் கணக்கு. எத்தனை பேரைத் திரட்டினோம், எத்தனை பேரை இழந்தோம் என்பது படைத்துறைக்குத் தேவையான புள்ளிவிவரம். திரும்பி வராத மகனுக்காகக் காத்திருந்த தாய்க்கு அந்த எண்ணால் ஆவது ஒன்றுமில்லை. அந்தப் பலகை ஊரைப் பெருமைப்படுத்த வைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாசகம் எழுதப்பட்ட மொழியும், பெயர்கள் விடப்பட்டதும், அது ஊராருக்காக எழுதப்பட்டதாக எண்ண இடம் தரவில்லை.

அதே காலத்தில் அதே பேரரசு, இறந்தவர்கள் எல்லோரையும் சமமாக நடத்துவது என்ற கொள்கையை வகுத்து, அதைச் செயல்படுத்த ஓர் அமைப்பையும் நிறுவியிருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917-இல் அரச சாசனத்தின் மூலம் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், அதாவது இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல், ஒரே வடிவம், பதவியாலோ செல்வத்தாலோ மதத்தாலோ வேற்றுமை இல்லை என்று முடிவு செய்தது. கல்லின் அடிப்பகுதியில் குடும்பத்தார் தாங்கள் விரும்பும் சொற்களைப் பொறித்துக்கொள்ள 66 எழுத்துகளுக்கு இடம் விடப்பட்டது. பிரபுக்களின் குடும்பங்கள் தங்கள் மகன்களுக்குத் தனிச் சின்னம் எழுப்ப அனுமதி கேட்டும் ஆணையம் அசையவில்லை. உலக வரலாற்றில் இறந்த சாதாரணச் சிப்பாய்க்கு இவ்வளவு பெரிய அளவில் இவ்வளவு கவனத்தோடு மரியாதை செய்யப்பட்டது அதுவே முதல் முறை என்று சொல்லலாம். அந்த நற்பணியை நற்பணி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சமத்துவம் ஐரோப்பாவின் எல்லையைத் தாண்டியதும் தளர்ந்தது. மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில், இறந்த 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூர எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியப் படையைப் பொறுத்தவரை அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்துவிட்டு, மற்றவர்களைப் படைப்பிரிவின் பெயரின் கீழ் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக எழுதினர். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினரும் அந்தப் போர்முனையில் பணியாற்றியவர்கள். இந்த வேற்றுமையைப் பற்றி ஆணையமே அமைத்த சிறப்புக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் அடங்கிய 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. அப்படிக் கேட்பதற்கு நூறாண்டு ஆயிற்று.

உடலை எரிக்கும் வழக்கமுடையவர்களுக்குக் கல்லறை எங்கே வைப்பது என்ற சிக்கலும் எழுந்தது; அதற்குக் கண்ட தீர்வுகளில் சில உள்ளத்தைத் தொடுவன. இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு வெளியே புல்வெளி மேட்டில் ‘சத்திரி’ எனப்படும் வெண்பளிங்கு மண்டபம் ஒன்று நிற்கிறது. முதல் உலகப்போரில் காயமுற்றுப் பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த 53 இந்து, சீக்கியப் படைவீரர்களின் உடல்கள் அங்கேதான் எரியூட்டப்பட்டன. எரித்த இடத்தின் மீதே 1921-இல் மண்டபம் திறக்கப்பட்டது. கோஹிமா போர்க் கல்லறையில் 1,420 கல்லறைகளுக்கு மேலே, குன்றின் உச்சியில், எரியூட்டப்பட்ட 917 வீரர்களுக்கான நினைவகம் அமைக்கப்பட்டுள்ளது. சாம்பலாகிக் காற்றிலும் நீரிலும் கலந்துபோனவனுக்கும் அவன் பெயர் நிற்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் இவற்றில் உள்ளது. நடுகல் மரபும் இதையே அறிந்திருந்தது; புதைத்த இடத்தைக் காட்டும் அடையாளமாக மட்டும் நடுகல்லைக் கொள்ள முடியாது; பல கற்கள் வெறும் பெயருக்கும் உருவத்துக்கும் உறைவிடமாக நாட்டப்பட்டவை.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறை 1952-இல், தென்னிந்தியாவிலும் பிற இடங்களிலும் பராமரிக்க இயலாமல் போன கல்லறைகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதன் பின்புறம் முதல் உலகப்போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சுவரும் உள்ளது. பரங்கிமலைச் சாலையில் நாள்தோறும் போகிற பல்லாயிரம் பேரில் அதற்குள் நுழைந்து பார்த்தவர் மிகச் சிலர். வெட்டி ஒழுங்கு செய்த புல்தரையில் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் அந்தக் கற்களில் எழுதப்பட்டுள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வருகிறது. அந்த இளமையே அங்கு நிற்பவரை அதிகம் பேசவிடாமல் செய்கிறது.

சுதந்திர இந்தியா தன் வீரர்களுக்கென்று ஒரு தேசிய நினைவகம் எழுப்ப எழுபத்தோராண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. அதுவரை, ஆங்கிலேயர் முதல் உலகப்போரையும் மூன்றாம் ஆப்கன் போரையும் நினைவுகூரக் கட்டிய இந்தியா கேட்டின் அடியில், 1971 போருக்குப்பின் ஏற்றப்பட்ட அமர் ஜவான் ஜோதியே நாட்டின் அஞ்சலி இடமாக இருந்தது. வளைவில் பொறிக்கப்பட்ட பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பேரரசுக்காக இறந்தவர்களுடையவை. கீழே எரிந்த சுடர் குடியரசுக்காக இறந்தவர்களுடையது. சுடருக்குப் பெயர் இல்லை. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் அந்தக் குறையைத் தீர்த்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நான்கு வட்டங்களில் தியாகச் சக்கரம் எனப்படும் வட்டத்தின் கருங்கல் சுவர்களில், திறப்பின்போது 25,942 வீரர்களின் பெயர்கள் பொன்னிற எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தன. இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு இறந்து பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும், கார்கில் போரில் படாலிக் முனையில் 1999 மே மாதம் விழுந்து, ஒரு மாதத்துக்கும் மேலாக உடல் மீட்கப்படாமல் பனியில் கிடந்த மேஜர் மாரியப்பன் சரவணனும், 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒரே நிலையில் வைத்து எண்ணப்படும் இடம் அது. பெயர்களால் ஆன அந்தச் சுவர்கள், நடுகல் மரபுக்கு மீண்டும் வந்து சேர்ந்தவை என்று துணிந்து சொல்லலாம்.

பரமேஸ்வரனின் பெயர் வரும்போது தமிழ் வாசகரின் மனத்தில் எழும் கலக்கத்தை மறைத்துவிட்டு இக்கட்டுரை மேலே செல்வது நேர்மையாகாது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அதே படையின் கையால் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டதை ஈழத்தமிழர் மறக்கவில்லை, மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் இடம் தரவில்லை என்ற அவர் நிலைப்பாட்டின் பின்னால் ஒரு மக்களின் காயம் இருந்தது. அந்த அரசியல் நியாயத்தை மறுக்காமலே ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் போருக்குப் போகிறோம் என்பதைச் சிப்பாய் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் போரில் இறந்தவனின் பஞ்சாபிலோ பீகாரிலோ தமிழகத்திலோ உள்ள வீடு, மற்றப் போர்களில் இறந்தவர்களின் வீடுகளைப் போலவே இருண்டது. ஆனால் அதற்குப் பொதுமக்களின் ஆறுதல் சொல் மிகக் குறைவாகவே கிடைத்தது. இறந்த அமைதிப்படை வீரர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவகம் கொழும்புக்கு அருகே, ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் இருக்கிறது. அவர்கள் சென்ற நாட்டிலேயே அவர்களுக்குக் கல் நடப்பட்டிருக்கிறது.

இதே அளவுகோலைக் கடலுக்கு அப்பால் மற்றவருக்கும் நீட்டினால்தான் அது அளவுகோல் ஆகும். இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம்; அப்படையில் இறந்தவர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, மீண்டு வந்த பிரிட்டிஷார் சில வாரங்களில் தகர்த்தனர்; அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு 1995-இல்தான் ஓர் அடையாளக் கல் வைத்தது. ஈழத்தில் விடுதலைப் புலிகள் தங்கள் இறந்த போராளிகளைப் புதைத்த மயானங்களுக்குத் ‘துயிலும் இல்லம்’ என்று பெயர் வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்த துயிலும் இல்லம் 2009-க்குப் பின் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, அந்த நிலத்தின் மீது இராணுவ முகாம் கட்டப்பட்டது. அந்த இயக்கத்தின் வழிமுறைகளை, சிறுவரைப் படையில் சேர்த்ததை, சொந்த மக்களுள் மாற்றுக் கருத்துடையோரைக் கொன்றதை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும், புதைத்த மகளின் கல்லை ஒரு தாயிடமிருந்து பறிக்க அக்கண்டனம் உரிமை தந்துவிடாது. ஆண்டுதோறும் நவம்பர் 27 அன்று அந்தத் தாய்மார் முகாமுக்கு அருகில் வேறு நிலத்தில் கூடி விளக்கேற்றுகிறார்கள். வெட்சியாருக்கும் கரந்தையாருக்கும் கல் நட இடம் விட்ட பழைய நிலத்தின் பண்பாடு இன்றைய அரசுகளைவிட முதிர்ந்ததாக இருந்தது.

கல்லை விட்டு வீட்டுக்குள் வந்தால், படைவீரர் குடும்பங்களில் பெரும்பாலும் காணக்கூடிய ஒரு பொருள் கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு டிரங்குப் பெட்டி. அதன் மூடியிலோ முகப்பிலோ வெள்ளை எழுத்தில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். ரயில் நிலையங்களில் ஏற்றி இறக்கும்போது மாறிப்போகாமல் இருக்க எழுதுவது அது. விடுமுறையில் வரும்போது அந்தப் பெட்டியோடு வருபவன், ஒருமுறை கொடி போர்த்திய பேழையில் வருகிறான். பெட்டி பிறகு தனியே வந்து சேர்கிறது. மடித்த சீருடை, கம்பளி, பாதியில் நின்ற கடிதம், பிள்ளைக்கு வாங்கிய ஏதோ ஒன்று என்று அதற்குள் இருப்பவை வீட்டுக்கு வீடு வேறுபடும். எரியூட்டுவதற்கு முன் கொடியை எடுத்து மடித்து மனைவியிடமோ தாயிடமோ கொடுப்பது முறை. கொடியைச் சிதையில் வைக்கக்கூடாது என்பது கொடி விதி. வானை நோக்கிக் குண்டுகள் முழங்கி, ஊதுகொம்பு ஒலித்து, அதிகாரிகள் சென்றபின் அந்த வீட்டில் மிஞ்சுவன அந்தக் கொடியும் இந்தப் பெட்டியும் மாலையிட்ட ஒரு நிழற்படமும். முற்றத்தில் நின்று பெட்டியின் வெள்ளை எழுத்துகளைப் படிக்கும் குழந்தைக்கு அது தன் தந்தையின் கல்தான்.

இன்று உதிரப்பட்டியின் இடத்தில் தாராளக் குடும்ப ஓய்வூதியம் எனப்படும் ஏற்பாடு இருக்கிறது. எதிரியோடு நடந்த மோதலில் இறந்தவரின் குடும்பத்துக்கு அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்கு நிகரான தொகை ஓய்வூதியமாக வழங்கப்படுகிறது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளாக அனுசரிக்கப்பட்டு, திரட்டப்படும் நிதி முன்னாள் படைவீரர், கைம்பெண்டிர் நலனுக்குச் செலவாகிறது. ஏற்பாடுகள் இருக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் உள்ளே நெடுங்காலம் ஒளிந்திருந்த மனப்பான்மை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வீர விருது பெற்று இறந்தவரின் மனைவிக்கு வழங்கப்படும் மாதப்படி, அவர் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். இறந்த கணவரின் உடன்பிறந்தவரையே மணந்துகொண்டால் மட்டும் தொடரும் என்று விதி இருந்தது. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த பெண்ணிடம் நாடு அவ்வளவு ஆண்டுகளாகச் சொல்லிவந்தது என்னவென்றால், உன் கணவனின் வீரத்துக்கு மரியாதை செய்கிறோம், ஆனால் நீ அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தால் மட்டும் என்பதுதான். கல்லுக்கு மாலை சூட்டிக்கொண்டே, அந்தக் கல்லை நட்டவளின் வாழ்க்கையை அதனோடு கட்டிவைத்த இந்த விதி, இறந்தவனுக்குச் செய்த மரியாதையாக ஒருநாளும் இருந்ததில்லை.

வேலூர்ப் பலகையின் பதினால்வர் இன்னும் எண்ணாகவே நிற்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பது இயலாத காரியமன்று. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு யாரும் தேடிப் பார்க்கக்கூடியது. அதில் முதல் உலகப்போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் பலருக்குப் பெயரோடு தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன. இன்னாருடைய மகன், இன்ன ஊரினன் என்று, நடுகல்லில் உள்ள அதே வரிசையில். பிரைட்டன் மேட்டில் எரியூட்டப்பட்ட 53 பேரின் பெயர்களும் எண்பத்தொன்பது ஆண்டுகள் அந்த மண்டபத்தில் இல்லாமலே இருந்து, 2010-இல் கல்லில் பொறித்து அங்கே வைக்கப்பட்டன. தமிழகத்தில் இத்தகைய பலகை உள்ள ஊர்களின் பள்ளி ஆசிரியர்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் அந்தப் பதிவேட்டில் தம் ஊர்ப் பெயரைத் தேடத் தொடங்கலாம். சிற்றூர்களில் ஆகஸ்ட் 15 அன்று கூடும் கிராம சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால், எண் எழுதிய பலகைக்குக் கீழே பெயர்களைத் தமிழில் பொறித்துவிடலாம். அதற்கு ஒரு கருங்கல் பலகையும் ஒரு கல்தச்சரின் சில நாள் கூலியும் போதும்.